பெயர் திருடும் மச்சான்

மூன்றாவது பெயரையும் யாரோ எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

சக்கரக்காரர் கணினித் திரையை முறைத்தார். "இந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு தொழில் பதிவாகியுள்ளது. வேறு பெயரைத் தேர்ந்தெடுக்கவும்" என்று அது மரியாதையாகத்தான் சொன்னது. அந்த மரியாதையே அவருக்கு எரிச்சலைக் கிளப்பியது. திட்டினால் திருப்பித் திட்டலாம், தேர்ந்தெடுக்கவும் என்று சொல்பவனிடம் என்ன பேசுவது?

சனிக்கிழமை 'உருளும் சக்கரம்' போனது. நேற்று 'வெற்றிச் சக்கரம்'. இன்றைக்கு 'காலில் சக்கரம்'. மூன்றுமே அவர் குளிக்கும்போது யோசித்துத் துவட்டும்போது திருத்தம் செய்த பெயர்கள்.

நாற்காலி, கட்டில், தள்ளுவண்டி என்று எதற்கெல்லாம் அடியில் சக்கரம் உண்டோ அதையெல்லாம் பழுது பார்ப்பது அவர் தொழில். ஒரு வண்டி தாழ்வாரத்தில் உருண்டு வரும் சத்தத்தை வைத்தே, "பின்பக்கம் வலது, அச்சுல முடி சுத்தியிருக்கு" என்று சொல்லிவிடுவார். நீண்ட காலம் ஒரு நாற்காலிக் கம்பெனியில் இருந்துவிட்டுப் போன மாதம்தான் சொந்தக் கடை போடுவதாக வேலையை விட்டார். விடைபெறும்போது முதலாளி, "போயிட்டு வாங்க" என்றார். எல்லோரும் சொல்வதுதான். ஆனால் அந்த 'வாங்க'வைச் சொல்லும்போது முதலாளி சிரித்ததை அவரால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை.

நம்பிக்கை எல்லாம் ஒரு மருத்துவமனையின் மேல்தான் இருந்தது. அங்கே உள்ள கட்டில்கள் அத்தனைக்கும் சக்கரம் மாற்ற வேண்டியிருந்தது. "வேலை உங்களுக்குத்தான்" என்று ஸ்டோர் அதிகாரி சொல்லியிருந்தார். "ஆனா பதிவுச் சான்றிதழ் இல்லாம ஒரு நட்டைக்கூடத் தொடவிட முடியாது. வெள்ளிக்கிழமை காலையில கொண்டுவந்துடுங்க." சான்றிதழ் வந்தால் சொந்தக் கடை. வராவிட்டால் சிரித்த முதலாளியிடம் திரும்பிப் போய்த் தலையைச் சொறிந்துகொண்டு நிற்க வேண்டும்.

பதிவு அலுவலகக் கூடத்தில் யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து பதிவு செய்துகொள்ள ஒரு கணினியை வைத்திருந்தார்கள். கேள்விகளில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கடைப் பெயர், சொந்தக்காரர் பெயர், முகவரி, ஃபோன் நம்பர் என்று அது கேட்க, இவர் ஒரு விரலால் பதில் சொன்னார். கடைசியில் 'பதிவு செய்' என்பதை அழுத்தியதும் திரை நடுவில் ஒரு குட்டிச் சக்கரம் சுற்றும். சக்கர விஷயத்தில் அவருக்குப் பொறுமை கிடையாது. அதே பொத்தானை இன்னொரு தட்டு தட்டுவார். உடனே மிஷின் உண்மையைக் கக்கிவிடும், பெயர் போச்சு என்று.

எழுந்து விசாரணை மேசைக்குப் போனார். அங்கே ஓர் அம்மாள் வாயில் கிளிப்பைக் கடித்துக்கொண்டு கொண்டையைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

"ஏம்மா, இந்தப் பேரு நிஜமாவே போயிருச்சா, இல்ல மிஷின் சும்மா சொல்லுதா?"

அம்மாள் தட்டிப் பார்த்தார். "போயிருச்சு. பதிவாயிருக்கு."

"எப்ப?"

"இப்பதான். சுடச்சுட."

"யாரு பண்ணது?"

"அதெல்லாம் சொல்லக் கூடாது. சொந்தக்காரர் விவரம் வெளியில விடமாட்டோம்."

"நேத்து போன பேரு?"

"அது நேத்துத்தான். கிட்டத்தட்ட இதே நேரம்." அம்மாள் கிளிப்பைக் கொண்டையில் செருகினார். "உங்களுக்கு முந்தி யாரோ ஓடிட்டிருக்காங்க. சீக்கிரமா வந்து பாருங்க."

சக்கரக்காரருக்கு மண்டைக்குள் மணி அடித்தது. இது தற்செயல் இல்லை. யாரோ அவர் பெயரைத் தெரிந்துகொண்டு, அவருக்குச் சற்று முன்னால் போய்த் துண்டு போட்டு வைக்கிறார்கள்.

வாசலில் ஒரு பெரிய குடை. குடைக்கு அடியில் மடக்கு மேசை. மேசைக்குப் பின்னால் அவர் மனைவியின் தம்பி. ஊரார் விண்ணப்பங்களையெல்லாம் நிரப்பிக் கொடுக்கும் ஏஜென்ட்.

"ஆச்சா மாமா?"

"ஆகிட்டே இருக்கு."

"ஆகலைன்னா சொல்லுங்க. அஞ்சு நிமிஷ வேலை."

"ஆகும்."

இந்தக் குடையைத் தாண்டித்தான் தினமும் போய் வர வேண்டியிருந்தது. போன வாரம் வீட்டுக்குச் சாப்பிட வந்த மைத்துனன், "நான் பண்ணித் தர்றேன் மாமா, நமக்குள்ள காசெல்லாம் வேணாம்" என்றுதான் சொன்னான். இவர் சும்மா இருந்திருக்கலாம். "எழுதப் படிக்கத் தெரிஞ்சவனுக்கு ஏஜென்ட் எதுக்கு? நீங்களே பதிவு செய்யலாம்னு உள்ள பெரிசா எழுதிப் போட்டிருக்கானே" என்றார். பிசைந்துகொண்டிருந்த கையோடு மைத்துனன் கொஞ்ச நேரம் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். இப்போது நினைத்துப் பார்த்தால் அந்தப் பார்வையில் ஏதோ இருந்த மாதிரிதான் இருந்தது.

தெருமுனை திரும்பும்போது ஃபோன் 'டிங்' என்றது. தெரியாத இடத்திலிருந்து 'வாழ்த்துகள்' என்று தொடங்கும் செய்தி. முன்பின் தெரியாதவன் வாழ்த்தினால் அடுத்த வரியிலேயே வங்கிக் கணக்கைக் கேட்பான் என்பது அவர் கொள்கை. மேற்கொண்டு படிக்காமல் அழித்தார். தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு வந்தாலும் எடுக்க மாட்டார். கடை போடப்போகிற மனிதர் தெரியாத நம்பரை எடுக்காமல் எப்படி வியாபாரம் செய்வார் என்று மனைவி ஒருமுறை கேட்டதற்கு, "நல்ல வாடிக்கையாளர் நேர்ல வருவான்" என்று பதில் சொல்லிவிட்டார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் நேரே சமையலறைக்குப் போனார்.

"காலில் சக்கரம்னு பேர் வைக்கப்போறேன்னு உன் தம்பிகிட்ட சொன்னியா?"

"சொன்னேனே. சிரிச்சான்."

"அதுக்கு முன்னாடி வெற்றிச் சக்கரம்?"

"அதுக்கும் சிரிச்சான். ஏங்க?"

அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மனைவியும் தம்பியும் தினமும் இரவு படுக்கும் முன் ஃபோனில் பேசுவார்கள். இவர் இரவுச் சாப்பாட்டில் சொல்வது மறுநாள் குடைக்கு அடியில் போய்ச் சேர்ந்துவிடும். ஏஜென்டிடம் போகாத குற்றத்துக்கு ஏஜென்ட் கொடுக்கும் தண்டனை.

"இனிமே உன்கிட்ட பேர் எதுவும் சொல்றதா இல்ல" என்றார்.

"கட்டின பொண்டாட்டிகிட்ட சொல்ல முடியாத பேரு என்னங்க பேரு?"

"கடைப் பேரு."

மறுநாள் காலை, வீட்டில் மூச்சு விடாமல் 'நகரும் நாற்காலி' என்ற பெயரோடு கிளம்பினார். அலுவலகம் திறப்பதற்கு முன்பே போய் முதல் ஆளாக உட்கார்ந்தார். பெயரை அடித்தார், அழுத்தினார், குட்டிச் சக்கரம் சுற்றியது, தட்டினார். நகரும் நாற்காலியும் நகர்ந்துவிட்டது.

விசாரணை அம்மாள், "இதுவும் இப்பதான்" என்றார். இந்த முறை அவர் குரலிலும் லேசான அனுதாபம் தெரிந்தது.

சக்கரக்காரர் திரும்பிப் பார்த்தார். கணினிக்குப் பின்னால் கண்ணாடி ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே குடை. அட, இவ்வளவுதானா விஷயம் என்று தோன்றியது. இவர் அடிப்பதை அவன் அங்கிருந்தே படித்துவிட்டு, மடியில் வைத்திருக்கும் கணினியில் முந்திக்கொள்கிறான்.

உடனே பையிலிருந்து துண்டை எடுத்துத் தலைக்கும் திரைக்கும் சேர்த்துப் போர்த்திக்கொண்டார். கூடத்தில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். காவலாளி பக்கத்தில் வந்து குனிந்தார்.

"சார், ஆவி பிடிக்கிறதா இருந்தா வீட்டுல பிடிங்க."

"ரகசியமா ஒரு வேலை பண்றேன். தள்ளி நில்லுங்க."

இதைச் சொல்லியிருக்கக் கூடாது. காவலாளி தள்ளி நிற்காமல் துண்டுக்குள் தலையை விட்டார். இரண்டு தலைகள் துண்டுக்குள் இருக்க, 'ஓடும் கட்டில்' என்ற பெயரும் பறிபோனது. "பேரு நல்லாத்தான் சார் இருந்துச்சு" என்று காவலாளி ஆறுதல் சொல்லிவிட்டுத் தலையை வெளியே எடுத்துக்கொண்டார்.

அன்று வெளியே வந்தபோதும் அதே "ஆச்சா மாமா?" கேட்டது. அதே 'டிங்'. அதே வாழ்த்து. ஊரே அவர் கணக்கைச் சுரண்டப் பார்ப்பதுபோல் அவருக்குத் தோன்றியது.

வியாழக்கிழமை கடைசி வாய்ப்பு. பெயரே இல்லாமல் போய் உட்கார்ந்தார். யோசித்தால்தானே எவனாவது தெரிந்துகொள்வான். மனத்தைக் காலியாக வைத்துக்கொண்டு மற்ற விவரங்களை எல்லாம் முதலில் அடித்துவிட்டு, கடைசி நொடியில், எங்கிருந்தோ வந்து விழுந்த 'சத்தமில்லாச் சக்கரம்' என்ற பெயரைப் படபடவென்று போட்டு அழுத்தினார். சக்கரம் சுற்றியது. தட்டினார்.

"இந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு தொழில் பதிவாகியுள்ளது."

அவருக்கு முதன்முறையாகப் பயம் வந்தது. பயம் வந்த வேகத்தில் கோபமாக மாறியது. அந்தக் கோபத்தோடே வாசலுக்கு வந்து மடக்கு மேசையில் ஓங்கித் தட்டினார். மேசை அதன் பெயருக்கேற்ப மடங்கிக் கீழே விழுந்தது.

"எனக்கே தெரியாத பேரை எப்படிடா எடுத்த?"

"எந்தப் பேரு மாமா?" என்றான் மைத்துனன், மைப்பெட்டியைக் கையில் பிடித்தபடி.

"தெரியாத மாதிரி கேக்காத. சத்தமில்லாச் சக்கரம்."

"நல்லா இருக்கே."

"நல்லா இருக்குன்னுதானே எடுத்துக்கிட்ட? எல்லாத்தையும் எடுத்துக்கிட்ட. என் மூளைக்குள்ள இருந்தது உனக்கு எப்படித் தெரிஞ்சது?"

"உங்க மூளைக்குள்ள எனக்கு என்ன வேலை மாமா? மெதுவாப் பேசுங்க, நாலு பேர் பாக்குறாங்க."

"பாக்கட்டும். பேர் திருடன்னு தெரிஞ்சுக்கட்டும்."

விண்ணப்பத்தோடு காத்திருந்த சோப்பு வியாபாரி ஒருவர் சத்தம் போடாமல் எழுந்து எதிர்ப்பக்கக் குடைக்குப் போய்விட்டார். அவருக்குப் பின்னால் நின்ற இன்னொருவரும் போனார். மைத்துனன் அவர்கள் போவதைப் பார்த்தான். முகம் சுருங்கிவிட்டது.

"இத்தனை வருஷமா இந்தக் குடைக்குக் கீழ உக்காந்திருக்கேன்" என்றான் மெல்ல. "ஒருத்தர்கூட என்னைத் திருடன்னு சொன்னதில்ல. சொந்த அக்கா வீட்டுக்காரர் சொல்லிட்டீங்க. இனிமே உங்க வீட்டு வாசப்படிய மிதிக்க மாட்டேன்."

கீழே சிதறிய தாள்களைப் பொறுக்க ஆரம்பித்தான். சக்கரக்காரருக்கு ஒரு கணம் குனிந்து உதவலாமா என்றிருந்தது. வீம்பு விடவில்லை, நடையைக் கட்டினார்.

செய்தி அவருக்கு முன்பே வீடு வந்து சேர்ந்திருந்தது. மனைவி அவரோடு பேசவில்லை. ஃப்ரிட்ஜோடு பேசினாள்.

"இந்த வீட்டுல ஒருத்தருக்குச் சாப்பாடு மேஜை மேல இருக்குன்னு யாராவது சொல்லுங்க" என்றாள் ஃப்ரிட்ஜிடம்.

வீட்டில் வேறு யாரும் இல்லாததால் அவரே கேட்டுக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார். இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. கை கழுவிவிட்டு வந்து அவரும் ஃப்ரிட்ஜின் முன்னால் நின்றார்.

"நாளைக்கு வெள்ளிக்கிழமை" என்றார் அதனிடம். "சான்றிதழ் இல்ல. பழைய முதலாளி மூஞ்சியில போய் முழிக்கணும்னு நெனச்சாலே பயமா இருக்குன்னு யாராவது சொல்லுங்க."

மனைவிக்கு மனசு கேட்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவர் ஒரு தடவைகூடப் பயமாக இருக்கிறது என்று சொன்னதில்லை. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு தன் ஃபோனை எடுத்தாள்.

"இதுலயே பண்ணலாமாம். ஆபீசுக்கு ஏன் போய் நின்னீங்கன்னு தெரியல. சரி, பேர் சொல்லுங்க."

"மிச்சம் ஒண்ணும் இல்ல. எல்லாத்தையும் அவன் எடுத்துட்டான்."

"அந்தப் பேச்சை விடுங்க. சக்கரக் கடைன்னு போடுறேன்."

"அது ஒரு பேரா?"

"கடையில என்ன இருக்கும்?"

"சக்கரம்."

"அப்புறம் என்ன."

அவர் பெயர், முகவரி, அவர் ஃபோன் நம்பர் எல்லாவற்றையும் அவளே போட்டாள். அழுத்தினாள். குட்டிச் சக்கரம் சுற்ற ஆரம்பித்தது. இவர் விரல் தானாக நீண்டது. அவள் புறங்கையில் ஒரு அடி வைத்தாள்.

"நின்ன எடத்துலயே சுத்துது பாரு, ஒரு தட்டு தட்டினா..."

"அது பாட்டுக்குச் சுத்தட்டும். உங்களை மாதிரியே எல்லாருக்கும் அவசரமா என்ன."

அதற்குள் குக்கர் விசில் அடித்தது. அவள் ஃபோனை ஃப்ரிட்ஜ் மேல் குப்புற வைத்துவிட்டு, தொடக் கூடாது என்று விரலால் எச்சரித்துவிட்டுப் போனாள். அடுப்பை அணைத்து, பாத்திரம் ஒதுக்கி, கொடியில் காய்ந்த துணியை எடுத்து மடித்து வைத்துவிட்டு ஆடி அசைந்து வந்து ஃபோனைத் திருப்பினாள். சான்றிதழ் வந்து நின்றது.

அவர் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறை. சந்தோஷம் சற்று அடங்கியதும் சொன்னார்: "பாத்தியா? அக்கா போடுறான்னு தெரிஞ்சதும் விட்டுட்டான்."

"அவனுக்கு எப்படிங்க தெரியும்?"

"அவனுக்கு எல்லாம் தெரியும்."

மனைவி ஃப்ரிட்ஜைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை, சான்றிதழை அச்செடுத்துக்கொண்டு, இஸ்திரி போட்ட சட்டையில் மருத்துவமனை ஸ்டோருக்குப் போனார். மூலையில் பழைய கட்டில்கள் சக்கரம் மேலே தெரியும்படி கவிழ்ந்து கிடந்தன. அதைப் பார்த்ததும் கை பரபரத்தது. ஸ்டோர் அதிகாரி பெரிய மேசையில் இருந்தார். அறையின் மறுகோடியில் ஓர் உதவியாளர் பெண் கணினியும் தொலைபேசியுமாக உட்கார்ந்திருந்தாள்.

இரண்டு கையாலும் நீட்டப்பட்ட சான்றிதழை அதிகாரி வாங்கிப் பார்த்தார். "சக்கரக் கடை. நறுக்குனு இருக்கு. ஆனா ஒரு சின்ன விஷயம்."

சக்கரக்காரர் மேசைப் பக்கம் குனிந்தார்.

"நான் உங்ககிட்ட சொன்னப்ப இந்த வேலைக்குப் பதிவான கடை ஒண்ணுகூட இல்ல. அதான் நேரா உங்களுக்கே தர்றதா இருந்தேன். காலையில பட்டியலைப் பாத்தா உங்களைச் சேத்து ஏழு கடை. எல்லாம் இந்த ஒரு வாரத்துக்குள்ள பதிவானது. இத்தனை இருந்தா எல்லார்கிட்டயும் விலை கேக்கணும்ங்கிறது எங்க விதி."

அதிகாரி பெயர்களை வாசித்தார். உருளும் சக்கரம். வெற்றிச் சக்கரம். காலில் சக்கரம். நகரும் நாற்காலி. ஓடும் கட்டில். சத்தமில்லாச் சக்கரம்.

ஒவ்வொரு பெயரும் சக்கரக்காரர் நெஞ்சில் ஆணியாக இறங்கியது. வெறும் பெயர்த் திருட்டு என்று நினைத்திருந்தார். குடைக்கு அடியில் உட்கார்ந்துகொண்டே ஆறு கடை திறந்துவிட்டானே பாவி.

"சார், நான் விலையைக் குறைச்சுக்கிறேன்."

"குறைங்க. ஆனா ஆறு பேர் இருக்காங்களே."

"இன்னும் கொஞ்சம் குறைக்கிறேன்."

"அவங்க அதுக்கும் கீழ போனா?"

"என் கூலியை விட்டுட்டேன் சார். சக்கரத்தோட விலைக்கே போட்டுத் தர்றேன். முதல் வேலை கெட்டுப்போகக் கூடாது." எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்.

அதிகாரி திருப்தியாகத் தலையாட்டினார். "இவங்களை எல்லாம் உங்களுக்குத் தெரியுமா?"

"நல்லாத் தெரியும். ஆறு கடைக்கும் பின்னால ஒரே ஆள்தான் சார்."

"அப்படியா? ஆள் எப்படி?"

"அடுத்தவன் சோத்துல மண்ணள்ளிப் போடுறவன். நம்பிக் காரியத்தைக் குடுத்தா கவுத்துடுவான். புத்தி கொஞ்சம்கூடக் கிடையாது."

"ஃபோன் பண்ணாலாவது எடுப்பாரா?"

"எங்க எடுக்கிறது? அவ்ளோ திமிரு."

"விதின்னு ஒண்ணு இருக்கே, கேட்டுத்தான் ஆகணும்" என்று அதிகாரி மறுகோடியைப் பார்த்தார். "ஏம்மா, வரிசையா அடிச்சு விலை கேளு. எடுக்கலைன்னா பட்டியல்ல வெட்டிட்டு அடுத்ததுக்குப் போ."

அவள் எண்களைச் சுழற்ற ஆரம்பித்தாள். அந்த நேரம் பார்த்துச் சக்கரக்காரரின் சட்டைப் பையில் ஃபோன் 'குர்ர்' என்று அதிர்ந்தது. தெரியாத நம்பர். வாழ்த்து சொல்லும் கும்பல் இப்போது நேரடியாகவே கூப்பிடுகிறது போலும். வெட்டினார்.

"முதல் கடை கட் பண்ணிட்டாங்க சார்" என்றாள் அவள்.

"நான் சொன்னேன்ல" என்றார் சக்கரக்காரர்.

மறுபடி 'குர்ர்'. மறுபடி வெட்டினார்.

"ரெண்டாவதும் கட்."

"எல்லாம் ஒரே புத்தி சார்."

மூன்றாவதும் நான்காவதும் அப்படியே போயின. ஒவ்வொரு கடையும் விழ விழ அவருக்கு உயிர் திரும்பி வந்தது. நடுவில் தொந்தரவு கொடுக்கும் இந்த ஃபோனைத்தான் அணைத்துத் தொலைக்க வேண்டும். ஐந்தாவதையும் ஆள்காட்டி விரலால் ஒரு தட்டு தட்டி வெட்டினார். ஆறாவது அடித்தபோது வெட்டி வெட்டிச் சலித்துப்போய் விட்டுவிட்டார். அது பையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரோடு உரசிக்கொண்டு விடாமல் அதிர்ந்தது.

உதவியாளர் பெண் ரிசீவரைக் காதிலிருந்து எடுத்தாள். கொஞ்ச நேரம் அவர் சட்டையையே பார்த்தாள். பிறகு அதிகாரியிடம் சொன்னாள்:

"ஆறு கடைக்கும் அடிச்சாச்சு சார், ஆறும் இவர் பாக்கெட்லதான் அடிக்குது."